ஹைடல்பெர்கர் பிளாட்ஸில் உன் வாங்கு

என் செல்ல மச்சாள் ஜெசிந்தா,

அங்கேயும் பேருந்தில்தான் போய் வருகிறாயா? நீ சுரங்க ரயிலில் ஏறுகிற ஆளில்லையே!

ஊரில் சண்டை நேரம் பதுங்குகுழிக்குள் கிடந்தபிறகு மண்ணுக்கடியில் கால் வைக்கமாட்டேன் என்றாய். பெர்லின் முழுக்கப் பேருந்து மாறி மாறி அலைந்தாய். நானும் விடாமல் பகிடி பண்ணினேன். ஒருநாள் பனியில் பேருந்து ஓடவில்லை. உன் கையைப் பிடித்து ஹைடல்பெர்கர் பிளாட்ஸ் சுரங்க நிலையப் படிகளில் இழுத்து இறக்கினேன்.

கீழே வந்து கண்ணைத் திறந்தவள் அப்படியே நின்றாய். தடித்த கல்தூண்கள். தூணுக்குத் தூண் வளைந்து ஏறும் கூரை. தொங்கும் விளக்குகள், மூடுபனிக்குள் நிலாக்கள் மாதிரி. நீ முக்காட்டை இழுத்துப்போட்டுச் சிலுவை வரைந்தாய். சுவரோரம் எதையோ தேடினாய்.

"தீர்த்தத் தொட்டி எங்கயடி?"

"இது ஸ்டேஷனடி விசரி!"

"கோயிலுக்குள்ள சத்தம் போடாதை."

அந்தக் கோயிலுக்குள் மஞ்சள் ரயில் வந்து நின்றது. நாங்கள் சிரித்த சிரிப்பில், மர வாங்கில் உட்கார்ந்திருந்த ஜெர்மன் கிழவர் பேச்சுக் கொடுத்தார். நூறு வருடத்துக்கு முன் இது பணக்காரர்களின் தனிப் பட்டணமாம். பக்கத்து ஊர்களுக்குப் பவுசு காட்டத்தான் இந்த அலங்காரமாம். மேலே இன்னொரு ரயில்பாதை போவதால் அதற்கும் கீழே தோண்டினார்களாம். அந்த ஆழம்தான் கூரைக்கு உயரம் கொடுத்ததாம்.

"இவ்வளவு ஆழத்திலயும் மூச்சு முட்டேல்லையடி" என்றாய்.

பிறகு அந்த வாங்கு உன்னுடையதாகிவிட்டது. சனிக்கிழமைகளில் வந்து இருந்துவிட்டு, ரயில் ஏறாமலே பேருந்தில் வீடு போவாய். என் அண்ணைக்கு நீ சொல்லவில்லை. சிரிப்பார் என்று வெட்கம்.

இப்போது அண்ணையின் கதை கேள். உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து உன் மனுஷன் வாசல் தாண்டவில்லை. திரைச்சீலையும் திறப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே பதுங்குகுழி வெட்டிவிட்டாரோ என்று பயந்துபோனேன். கெஞ்சினேன், ஏசினேன். கடைசியில், "அண்ணை, உங்கட மனுசி களவாப் போன கோயிலைக் காட்டுறன், வாங்கோ" என்றேன்.

உடனே காலில் போடச் சப்பாத்தைத் தேடினார்!

நேற்று வந்தார். படி இறங்கியதும் தொப்பியைக் கழற்றினார். சுவரோரம் எதையோ தேடினார். என்ன தேடினார் என்று நான் கேட்பேனா?

"அவள் எவடத்தில இருக்கிறவள்?"

காட்டினேன். உனக்கு இடம் விட்டுப் பக்கத்தில் இருந்தார். ரயில்கள் வந்தன, போயின. ஒவ்வொன்றின் காற்றும் அவர் நரைமயிரைக் கலைத்துவிட்டுப் போனது. நீயா அது?

"அடுத்ததில ஏறுவமே?" என்றார்.

எங்கே போக என்று கேட்காமல் ஏறினேன்.

இனிச் சனிக்கிழமைகளில் அவரைக் கூட்டிவருவேன். உன் இடத்தில் யாரும் இருக்காமல் என் கைப்பையை வைப்பேன். ஜெர்மன்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

உன் மனுஷனின் தங்கச்சி,
உன் வாயாடி மச்சாள்
புஷ்பம்