களத்து ரவுட்டர்

ஜூன் 24, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, காலைப் பிடித்துக் கேட்கிறேன், மூடிவிடுங்கள். மூட மனசில்லை என்றால் படித்துவிட்டு எரித்துவிடுங்கள். தங்கதுரை மாமா கண்ணில் மட்டும் பட வேண்டாம். பிசிக்ஸ் ரெக்கார்டின் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன். மாமா பிசிக்ஸ் பக்கம் வர மாட்டார்.

இன்று ஒரு தப்பு செய்தேன். செய்யும்போது பெருமையாக இருந்தது.

அப்பா இறந்து இரண்டு வருஷம். அதிலிருந்து அம்மாவின் அண்ணன் தங்கதுரை மாமா எங்களோடுதான் இருக்கிறார். அவர் சொல்வதுதான் வீட்டில் நடக்கும். வீடு கேரள எல்லையில், எருத்தேன்பதியில். மாமாவின் கொப்பரைக் களம் தோப்புக்கு அந்தப் பக்கம், அது தமிழ்நாடு. போன மாதம் கேபிள்காரர் மோகனசுந்தரம் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு ரவுட்டர் வைத்து இணைத்துக் கொடுத்தார். களத்துக் கேமராவை இங்கிருந்தே பார்க்கலாம். மற்றதெல்லாம் அம்மா ஃபோனில் நான்தான் செய்தேன். ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் ஆயிற்றே.

"வேலைக்கு வர்றவனுக படம் பாத்துட்டு உக்காந்துக்குவானுக. அங்கிருந்து எதும் வெளிய போகாம பண்ணீரு கண்ணு" என்றார் மாமா. களத்து ரவுட்டரில் ஒரு விதி எழுதினேன். கேமராப் படம் வீட்டுக்கு வரலாம். வேறெதுவும் வெளியே போகக் கூடாது.

இன்று சாயங்காலம் கேட்டார்: "உங்கக்கா எந்நேரமும் ஃபோன நோண்டறாளே, என்ன பண்றான்னு அந்தப் பொட்டீல தெரியுமா?"

"உள்ள என்ன எழுதறான்னு தெரியாதுங்க மாமா. எங்க போகுதுன்னு மட்டும் தெரியும்."

"எங்கன்னு தெரிஞ்சாப் போதும்."

வீட்டு ரவுட்டரின் பதிவைத் திறந்து காட்டினேன். பாஸ்போர்ட் ஆபீஸ். அயர்லாந்தில் நர்ஸ் வேலை. விமான டிக்கெட். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். தமிழ்ப்ரியா அக்கா நர்சிங் முடித்தவள். ஆடி பிறப்பதற்குள், ஜூலை பதினான்காம் தேதி, மாமா மகன் கௌசிக்குக்கு அவளைக் கட்டிக்கொடுக்க மண்டபம் சொல்லியாகிவிட்டது. வேண்டாம் என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

மாமா என் தலையைத் தடவினார். "கெட்டிக்காரி."

ஜூன் 26, வியாழன்

ஸ்கூல் விட்டு வந்தால் அக்கா இல்லை. "கோயமுத்தூர்ல பெரியம்மா ஊட்டுக்குப் போயிருக்கறா" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

அக்காவின் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. ஒரே ஒரு ஜோடிதான் அவளுக்கு.

ஜூன் 30, திங்கள்

சிவசங்கரி டீச்சர் ரவுட்டர் பாடம் எடுத்தார். "கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்ட்ல டைம் கீப்பர் இருக்காரில்ல, அது மாதிரி. பொள்ளாச்சின்னு சொன்னா அந்த வண்டியக் காட்டுவார், பாலக்காடுன்னா இந்த வண்டி. எதுக்குப் போறேன்னு கேக்க மாட்டார். பையத் தொறந்து பாக்க மாட்டார். அடுத்த ஸ்டாண்ட் வரைக்கும்தான் அவர் பொறுப்பு, கேட்டோ?"

எல்லாரும் சிரித்தார்கள். பையைத் திறக்கவே வேண்டாம், டீச்சர். எந்த வண்டி ஏறினாள் என்று சொன்னாலே போதும்.

ஜூலை 2, புதன்

அக்கா கோயமுத்தூரில் இல்லை.

பாடம் பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் ஃபோன் வாங்கி, சும்மா களத்து ரவுட்டரின் பட்டியலைத் திறந்தேன். கேமரா மூன்று. நான்காவதாக ஒன்று — தமிழ்ப்ரியா. அவள் ஃபோனுக்கு நான் வைத்த பேர்.

கேமராவைப் பார்த்தேன். மத்தியானப் பதிவு. களத்தில் வேலை செய்யும் சின்னத்தாயி சோற்றுத் தூக்குப்போசியோடு குடோன் அறைக்குப் போகிறாள். பூட்டைத் திறக்கிறாள். வெளியே வந்து மறுபடி பூட்டுகிறாள்.

ராத்திரிச் சோற்றின்போது மாமா அம்மாவிடம் தாழ்ந்த குரலில்: "சிம்மக் கழட்டியாச்சு. இனி அது வெறும் டப்பா. பாட்டுக் கேட்டுட்டுக் கெடக்கட்டும்."

டப்பா இல்லை, மாமா. அந்த ஃபோனுக்குக் களத்து வைஃபை ஞாபகம் இருக்கிறது. இன்று மட்டும் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை வெளியே போகப் பார்த்திருக்கிறது. அத்தனை தடவையும் என் விதி அதைத் தள்ளிவிட்டிருக்கிறது.

கதவைப் பூட்டியது மாமா. சத்தம் வெளியே வராமல் செய்தது யார்? நானா? நான்தான்.

ஜூலை 4, வெள்ளி

விதியை அழித்தால் மோகனசுந்தரம் மூலம் மாமாவுக்குத் தெரிந்துவிடும். மாற்றியதையும் எழுதி வைக்கிற பெட்டி அது.

ஜூலை 6, ஞாயிறு

வீட்டு ரவுட்டரின் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மாமா வரும்போது, வண்டிச் சத்தத்துக்கு முன்னால் அவர் ஃபோன் வந்துவிடுகிறது. கேட் அருகிலேயே வைஃபை எட்டிவிடுகிறது போலிருக்கிறது. எழுதுவதை மூடி வைக்க அரை நிமிஷம் கிடைக்கிறது.

இன்று கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவினோம். "அக்கா எப்பங்க மாமா வருவா?" என்றேன். "முகூர்த்தத்துக்கு வருவா" என்றார். சிரிக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

செய்துவிட்டேன். தெரிந்தால் தெரியட்டும்.

மாமா தேங்காய் ஏலத்துக்குப் போயிருந்தார். அம்மா ஈரக்கையோடு ஃபோனை நீட்டினாள். "பாடந்தானே?" என்றாள். ஃபோனை வாங்கிக்கொண்டேன். "சார்ஜ் கொஞ்சந்தான் இருக்குது. வெரசா முடிச்சுக்க" என்றாள்.

எல்லாவற்றையும் திறக்கவில்லை. அந்த ஒரு ஃபோனுக்கு மட்டும் வழி. களத்திலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து வெளியே. சேமித்தேன். உறுதிக்கு இன்னொரு தடவையும் அழுத்தினேன்.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு அவள் பேருக்கு நேரே எண் நகர்ந்தது. மூன்று. நாற்பது. இருநூறு. என்ன எழுதுகிறாள், யாருக்கு? தெரியாது. போகிறது. அது மட்டும் தெரிகிறது.

ஜூலை 10, வியாழன்

நான் கேட்காமலே அம்மா ஃபோனைக் கொடுத்தாள். கண் வீங்கியிருந்தது.

களத்துக் கேமரா, மத்தியானம் 2.47. ஒரு ஜீப். இரண்டு பெண் போலீஸ். பின்னால் பெர்சி அக்கா. நர்சிங் படிக்கும்போது தமிழ்ப்ரியா அக்காவின் ரூம்மேட், இடுக்கி எஸ்டேட்காரி. சின்னத்தாயி தானாகவே சாவியை நீட்டினாள். அக்கா வெளியே வந்தாள். வெறுங்கால். வெயிலில் கண்ணைச் சுருக்கினாள். ஜீப்பில் ஏறும் முன் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள், ரொம்ப நேரம்.

பொள்ளாச்சி ஸ்டேஷனில், வயது வந்தவள், விருப்பப்பட்ட இடத்துக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். பெர்சி அக்காவோடு பஸ் ஏறிவிட்டாளாம். ஸ்டேஷனுக்குப் போன மாமா ஏழு மணிக்கு அம்மாவை ஃபோனில் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டது. "களத்துப் பொட்டிய ஆரோ தொறந்து உட்டிருக்கறாங்க. மோகனசுந்தரம் பாத்துட்டு இருக்கறான். எந்த ஃபோனுன்னு இன்னிக்குத் தெரிஞ்சுரும்."

"செரீங்ணா" என்றாள் அம்மா. துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பதிவில் என் பேர் இருக்காது. அம்மா ஃபோன்தான் இருக்கும். யாருடைய விரல் என்று பெட்டிக்குத் தெரியாது. எங்கிருந்து வந்தது என்று மட்டும்தான் தெரியும். பதிவை அழிக்கப் போனேன். களத்து ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். "நாந்தான்னு சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத. போய்ப் படு சாமி."

முதலில் அக்காவைக் காட்டிக் கொடுத்தேன். இப்போது அம்மாவையா?

ஃபோன் என்னிடம்தான் இருக்கிறது. வீட்டு ரவுட்டரின் பட்டியல் இன்னும் திறக்கிறது. அம்மா ஃபோன், டிவி. இரண்டே பேர். பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

9.40. மூன்றாவது வந்துவிட்டது. மாமா.

இப்போது வண்டிச் சத்தம். கேட்டை மூடவில்லை. செருப்பைக் கழற்றவில்லை, கூடத்தில் சத்தம் கேட்கிறது. என் அறையைத் தாண்டிவிட்டார்.

தட்டுகிறார். என் கதவை இல்லை.

அம்மா, தொறக்காத, நான் வ