குடைய மடக்குனது மைலேஜுக்காகத்தான்

மழை நேரத்துக்குப் பெய்யட்டும், ஆறு கரைய மீறாம ஓடட்டும், கோட்டைல கொசு இல்லாம இருக்கட்டும்! செம்மலை நாட்டுக்கு அதிபதி, பன்னிரண்டு கணவாய்க்கும் காவலர், யானைப்படை நாயகர், ராஜாதி ராஜ வில்லவராயர் சமூகத்துக்கு, ஆத்துக்கு இந்தக் கரைல வெண்குடை நாட்ட ஆளுற மாவேந்தர் திருமாறவேளர் ஆயிரம் வணக்கத்தோட அரண்மனை எழுத்தர் கையால அனுப்புற அவசர ஓலை.

முதல்ல முரச நிறுத்தச் சொல்லுங்க ராஜா. நாங்க சரணடையல. சத்தியமா இல்ல. நேத்து எல்லைப்பாலத்துல எங்க வெண்குடை மடங்குனத ஒங்க காவக்காரங்க பாத்தது நெசம், அத வச்சு நீங்க வெற்றிப் பொங்கல் வச்சதும், சரணாகதிய ஏத்துக்கிட்டோம்னு தங்கத் தட்டுல ஓலை அனுப்புனதும் நெசம். ஆனா குடைய மடக்குனது மைலேஜுக்காக. என்ன நடந்துச்சுன்னு முழுசா கேட்டுட்டு அப்புறம் கோவப்படுங்க.

எங்க அரண்மனைல விடிஞ்சதும் மணி அடிச்சாத்தான் சபை கூடும். அந்த மணியடிக்கிற வேலைக்கு, எல்லைப்பாலம் தாண்டி இருக்குற எங்க மொட்டப்பாறைலேந்து வஞ்சிக்கொடின்னு ஒரு பொண்ணு தேர்வானா. வயசு இருபத்திமூணு. வானத்தப் பாத்தே நேரம் சொல்லுவா, அதுல யாரும் கிட்ட நெருங்க முடியாது. ஒரே சிக்கல், ஊருக்கும் அரண்மனைக்கும் மூணு காதம். தெனமும் போக மூணு, வர மூணு. மாட்டுவண்டில வரணும்னா முந்தின நாளே கெளம்பணும். இங்கயே தங்கிக்கம்மான்னா முடியாதுங்குறா, ஏன்னா வீட்டுல நாப்பது வாத்து இருக்கு, சாயங்காலம் இவ குரல் கேட்டாத்தான் அதுங்க கூட்டுக்கு வரும்.

மாவேந்தர் யோசிச்சாரு. "ஒரு பைக்கு வாங்கிக்க. அரண்மனைக் கெடங்குலேந்து நாளுக்கு ஒரு படி பெட்ரோல் தர்றோம், அதுக்கு மேல ஒரு சொட்டு கெடையாது. அந்த ஒரு படில ஆறு காதமும் ஓட்டிக் காட்டு, வேல ஒனக்கு. பௌர்ணமிக்குள்ள முடியலன்னா தளபதியோட அக்கா மகனுக்கு."

அந்த அக்கா மகன் அரண்மனைக்குப் பின்னாடி தெருதான். எந்திரிக்கிறது மட்டும் மத்தியானம்.

வஞ்சி அதுவரைக்கும் சைக்கிள் கூட ஒழுங்கா ஓட்டுனதில்ல. ரெண்டு வாரத்துல பைக்கு பழகணும். அவளுக்கு பயத்த விட சந்தோஷம்தான் அதிகமா இருந்துச்சு.

மொத வண்டிய தளபதி மார்த்தாண்டரே தள்ளிக்கிட்டு வந்தாரு. கர்ஜனைன்னு பேரு, எருமக்கடா கணக்கா இருக்கும். "அரண்மனை உத்தியோகம் பாக்குறவ வந்தா ஊரே அதிரணும்ல?"ன்னாரு. வஞ்சி ஏறி உக்காந்தா, கால் ரெண்டும் அந்தரத்துல ஆடுது. கிளட்ச்ச விட்டா. வண்டி ஒரு குதி குதிச்சு தளபதி காலடிலயே சாஷ்டாங்கமா விழுந்துச்சு. தூக்கி நிறுத்த நாலு வீரர் வேண்டியிருந்துச்சு. படிக்கு ரெண்டே காதம் வேற. ரெண்டாவது பூந்தேர்னு ஒரு ஸ்கூட்டர், கியர் போடுற தொல்லையே இல்ல, உக்கார மெத்து மெத்துனு. ஆனா மொட்டப்பாறை ரோட்டுப் பள்ளத்துல அதோட சின்ன சக்கரம் எறங்கி, ஏறவே மாட்டேன்னு அங்கயே குடியிருந்துடுச்சு.

அப்புறந்தான் லாயத்து மெக்கானிக் இசக்கி ஒரு நீலக்கலர் வண்டிய உருட்டிக்கிட்டு வந்தா. இசக்கிக்கும் வஞ்சி வயசுதான், வாய் மட்டும் ரெண்டாள் வாய்.

"சிட்டு நூறுடி. பாக்க ஒல்லி, ஆனா நல்ல ஒழைப்பாளி. ஏறு."

வஞ்சி ஏறுனா. ரெண்டு பாதமும் தரைல பதிஞ்சுச்சு. அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.

"இப்ப கீழ போடு"ன்னா இசக்கி.

"எதுக்குடி?"

"போடுங்குறேன்ல! நீ எப்படியும் விழத்தான் போற. விழுந்தா ஒத்தையா தூக்கி நிறுத்த முடியுற வண்டிதான் ஒன் வண்டி. மத்ததெல்லாம் தளபதி வண்டி."

வஞ்சி போட்டா, தூக்குனா, சிரிச்சா. முன்னாடியும் பின்னாடியும் செவப்புல 'எல்' எழுதுன பலகைய மாட்டுனாங்க. ஒங்க ஒற்றர்கள் அத ஏதோ படை ரகசியம்னு எழுதி அனுப்பியிருக்காங்களாம். அது பழகுற ஆளு, தள்ளிப் போங்கன்னு அர்த்தம் ராஜா, வேற ஒண்ணுமில்ல.

பதிமூணாம் நாள் மொத ஓட்டம். இங்க எங்க நாட்டு வழக்கம் ஒண்ணு ஒங்களுக்கும் தெரியும், அரண்மனை வேலையா எந்த வண்டி கெளம்புனாலும் வெண்குடைய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகணும். தேர்னாலும் சரி, பல்லக்குனாலும் சரி. அதனால குடைக்காரர் மாணிக்கவேலர் சிட்டுக்குப் பின் சீட்டுல ஏறி, வண்டிச்சக்கரம் அகலத்துக்கு இருக்குற குடைய விரிச்சுப் பிடிச்சாரு. ஆறடி ஆளு. சபைல ஒருத்தருக்கும் இது வித்தியாசமா தெரியல. எங்க கண்ணுக்குக் குடைதான் ராஜ்யம், அது காத்துல பாய் மாதிரி பின்னாடி இழுக்கும்னு யாரு நெனச்சா?

வஞ்சி ஊருக்குப் போயிட்டா, திரும்பி வர்ற வழில, அஞ்சு காதம் தாண்டி சரியா எல்லைப்பாலத்துல பெட்ரோல் தீந்துச்சு. வண்டியையும் அவங்களையும் கரும்பு வண்டில ஏத்தி அனுப்புனாங்க. தளபதி வாசல்லயே நின்னு வரவேத்தாரு. "என்ன தாயி, கரும்பு எவ்வளவு விலை?"ன்னு. வஞ்சி குனிஞ்ச தலையோட வண்டிய லாயத்துக்குத் தள்ளிக்கிட்டுப் போனா. நிமிந்தா அழுதுருவா.

இசக்கி வண்டியப் பிரிச்சு மேஞ்சா. செயின் சரி, காத்து சரி, பிளக் சரி. "வண்டி மேல தப்பே இல்லடி"ன்னு ஸ்பானர விட்டெறிஞ்சா. இன்னும் ஒரே நாள்தான் மிச்சம்.

நேத்து பௌர்ணமி. காலைல மறுபடி கெளம்புனாங்க. எல்லைப்பாலத்துல ஏறும்போது ஆத்துக்காத்து எதுக்க அடிக்குது, வஞ்சி மூணாவது கியர்ல எவ்வளவு முறுக்கியும் வண்டி மொனகுது. பின்னாடியிருந்து யாரோ சட்டையப் பிடிச்சு இழுக்குற மாதிரி இருந்துச்சு. அப்பத்தான் அவளுக்குப் பொறி தட்டுச்சு.

"அண்ணே, குடைய மடக்குங்க!"

"என்ன பேச்சு பேசுற தாயி! இது மடங்குனா மகாராஜா தோத்துட்டாருன்னு அர்த்தம். வேணும்னா என்னைய எறக்கி விடு, இத மட்டும் மடக்க மாட்டேன்."

சொல்லி வாய மூடல, ஒரு காத்து வந்துச்சு பாருங்க ராஜா! குடை மேல எழும்புது, குடையோட மாணிக்கவேலரும் சீட்டுலேந்து ஒரு சாண் எழும்புறாரு, ஒரு கை குடைல, ஒரு கை வஞ்சியோட பின்னல்ல. "மடக்கிட்டேன் தாயி! மடக்கிட்டேன்! நீ ரோட்டப் பாரு!"ன்னு அவர் போட்ட கூச்சல்தான் ஒங்க காவக்காரங்களுக்குக் கேட்டிருக்கு. குடை மடங்குச்சு, சிட்டு அம்பு மாதிரி பாஞ்சுச்சு. வஞ்சி வாழ்க்கைல மொத தடவையா நாலாவது கியர் போட்டா. அவ கத்துன கத்துல ஆத்துக் கொக்கெல்லாம் பறந்துடுச்சு. அது தோத்த கத்தல் இல்லன்னு ஒங்க ஆளுங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்.

ஆறு காதமும் முடிச்சு அரண்மனைக்குள்ள வந்து நின்னா. அவ எறங்குறதுக்குள்ள ஒங்க தூதரும் தங்கத் தட்டோட வந்து நின்னுட்டாரு. சபையே வெலவெலத்துப் போச்சு. தளபதி வாள உருவாத கொறைதான். "ராஜ்யத்தையே மடக்கி வச்சுட்டு வந்திருக்கா! ஓட்டம் செல்லாது, ரெண்டு பேரையும் சிறைல போடணும்!"

மாவேந்தர் வஞ்சியப் பாத்தாரு. "மடக்குனது நெசமா?"

பழிய காத்து மேல போட்டுட்டு தப்பிச்சிருக்கலாம், அவ போடல.

"நெசந்தான் மகாராஜா. அந்தக் காத்து அடிக்குறதுக்கு முன்னாடியே நான் மடக்கச் சொல்லிட்டேன். விரிச்சா அஞ்சு காதம், மடக்குனா ஆறு. அதுக்கு மேலயும் டேங்குல மிச்சம் இருக்கு, ஆட்டிப் பாருங்க."

மாவேந்தர் சிம்மாசனத்த விட்டு எறங்கி, டேங்குல காத வச்சு, வண்டிய ஆட்டுனாரு. சளக் சளக்னு சத்தம். சபை முழுக்க அந்தச் சத்தத்தக் கேட்டுச்சு. அப்புறம் என்ன தோணுச்சோ, கிரீடத்தக் கழட்டி தளபதி கைல குடுத்துட்டு, குடைய விரிச்சுக்கிட்டு பின்சீட்டுல ஏறி உக்காந்துட்டாரு. "ஓட்டு, நானே பாக்குறேன்." முற்றத்துல மூணாவது சுத்துல குடை படக்குனு தலைகீழா மலந்து தாமரப்பூ மாதிரி நின்னுச்சு. மாவேந்தர் சிரிக்க ஆரம்பிச்சாரு. பின்சீட்டுலேந்து எறங்கியும் சிரிப்பு நிக்கல. கடைசில அவரே, தன் கையாலயே, சபை நடுவுல அந்தக் குடைய மடக்கி வச்சாரு.

அங்கயே ஆணையும் பொறந்துச்சு. மணியடிக்கிற வேல வஞ்சிக்கொடிக்கு. இனிமே பைக்குல போறவங்க ஹெல்மெட்டு மேல வெண்குடைய வரைஞ்சுக்கிட்டாப் போதும், வரையுற வேல மாணிக்கவேலருக்கு. அவரு நேத்தே வரைஞ்சுட்டாரு, பாக்கக் காளான் மாதிரி இருக்கு, யாரும் அவர்கிட்ட சொல்லல.

ஆகவே செம்மலை வேந்தே! தங்கத் தட்ட தூதர்கிட்டயே திருப்பி அனுப்பியிருக்கோம். நீங்க தின்ன பொங்கலுக்கு நாங்க பொறுப்பில்ல. எல்லைப்பாலத்துல சுங்கக் கேட்டு ஒங்க ஆளுங்க கைல இருக்குறதால, தெனமும் விடியுறதுக்கு முன்னாடி காளான் போட்ட ஹெல்மெட்டோட ஒரு நீல வண்டி வந்தா, கேள்வி கேக்காம கேட்டத் தூக்கி விடணும்னு மாவேந்தர் அன்போட கேட்டுக்குறாரு, கொஞ்சம் அழுத்தியும் கேட்டுக்குறாரு.

நாளைக்குக் காலைல ஆத்துக்கு இந்தப் பக்கம் டணார்னு ஒரு சத்தம் கேக்கும். படையத் தெரட்டாதீங்க. வஞ்சி நேரத்துக்கு வந்து சேந்துட்டான்னு அர்த்தம்.

வெண்குடை முத்திரை இட்டது. விரிஞ்ச குடையாத்தான் இட்டிருக்கு, நல்லா பாத்துக்குங்க.