கட்டி முடித்துப் பூட்டிய ஊர்

பிப்ரவரி 2, ஞாயிறு

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலம். அத்தையும் நலம். போனில் பேசினால் பத்து நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு வாரமாக மின்னஞ்சலில் எழுதிக்கொள்வோம் என்றீர்கள். இதோ, முதல் ஆளாக நான் எழுதிவிட்டேன்.

உங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர் விளையாட்டை நான் உங்களுக்குத் தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வெளிநாட்டு வேலைக்குப் போன இந்தப் பதினோரு மாதத்தில் எனக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? எங்கள் ஐந்து பேர் குழுவில் காயத்துக்குக் கட்டுப்போடுகிற வைத்தியர் நான்தான். ஜனவரியில் திறந்த புதுத் தீவை மூன்றே நாளில் முடித்துவிட்டு ஈ ஓட்டுகிறோம். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு பாறை மேல் ஏறி மலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு முழு ஊர் இருக்கிறது. தெருவிளக்கு எரிகிறது, கடைகளுக்குப் பெயர்ப்பலகைகூட மாட்டியாயிற்று. வாசல் மட்டும் பூட்டு. எதை எப்போது திறப்பது என்று முடிவு செய்வதுதானே உங்கள் வேலை? உண்மையைச் சொல்லுங்கள், அந்த ஊரை எப்போது கட்டி முடித்தீர்கள்?

மே மாதம் வந்துவிடுவேன் என்றீர்களே, டிக்கெட் எடுத்தாயிற்றா? அத்தை தினமும் கேட்கிறார். நானும்தான் கேட்கிறேன்.

சண்டைக்காரி


பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

எட்டிப் பார்த்துவிட்டாயா? உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அந்த ஊர் எட்டு மாதத்துக்கு முன்பே தயார். வெளியே சொல்லிவிடாதே.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்தால் உன்னைப் போன்றவர்கள் ஒரு வாரத்தில் முடித்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று என்று விட்டால் ஆள் கலைவதில்லை. நடுவே ஒரு புதுச் சட்டை, ஒரு புதுக் குதிரை. மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிவிட்டால் மனிதர்கள் எதையும் ஏற்றுக்கொள்வார்கள். ஆறு திறப்புக்கும் ஒரே நாளில் தேதி குறித்துவிட்டால் பிறகு கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். நான் காலாட்டிக்கொண்டு காபி குடிக்கலாம்.

டிக்கெட் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அம்மாவுக்கு வலது கண்ணில் புரை என்றாயே, டாக்டரிடம் காட்டு.

உன் வீட்டுக்காரன்


பிப்ரவரி 16, ஞாயிறு

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

காட்டியாயிற்று. வியாழக்கிழமை ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. அத்தை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மிடுக்காக உட்கார்ந்து என்னை வேலை ஏவுகிறார்.

எட்டு மாதமா? ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் நான். முடிவு தயாரானால், நல்லதோ கெட்டதோ, அன்றே கையில் கொடுத்துவிடுவோம். கட்டுவதற்கு நாளாகும் என்றால் நாங்கள் காத்திருப்போம். இன்ன தேதி என்று வாசலில் எழுதி மாட்டினால் இன்னும் நிம்மதியாகக் காத்திருப்போம். கட்டி முடித்ததைப் பூட்டி வைத்துக்கொண்டு, இன்னும் வேலை நடக்கிறது என்று கதை விடுவதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் குழுவில் இருந்த லாரி டிரைவர் இந்தச் சந்தேகத்தில்தான் விளையாட்டையே விட்டுப் போனார்.

நீங்கள் எழுதிய அந்தப் 'பிறகு' எனக்குப் பிடிக்கவில்லை. போனிலும் இப்போதெல்லாம் யோசித்து யோசித்துத்தான் பேசுகிறீர்கள். எதையாவது பூட்டி வைத்திருக்கிறீர்களா?

சண்டைக்காரி


பிப்ரவரி 23, ஞாயிறு

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

நலம்தானே? என் போன கடிதத்தைப் படித்து வருத்தப்பட்டிருப்பாய். இரண்டு வருஷம் ஒன்றும் பெரிய காலம் இல்லை, கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். வீடு மாறியதும் நல்லதாகப் போயிற்று. ஜன்னலைத் திறந்தால் மரம் தெரிகிறது. நீ புரிந்துகொள்வாய் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 2, ஞாயிறு

வீட்டுக்காரருக்கு,

நான்கு தடவை படித்தேன். உங்கள் போன கடிதத்தில் சட்டையும் குதிரையும்தான் இருந்தன. எந்த இரண்டு வருஷம்? எந்த வீடு? முடிந்துபோன ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே என்கிறீர்கள். என் கடிதத்தை நீங்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வேறு எவளுக்கோ எழுதியது எனக்கு வந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு பகல் முழுக்க அந்த முகம் தெரியாத பெண்ணைத் திட்டித் தீர்த்தேன். பிறகு அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "சின்ன வயசுலயே அவன் இப்படித்தான். மார்க்கக்கூட ஒரே நாள்ல சொல்ல மாட்டான். இன்னிக்கு ஒண்ணு, நாளான்னிக்கு ஒண்ணு. பெயிலானது கடைசியாத்தான் வரும்" என்றார்.

அப்போதுதான் பொறி தட்டியது. எனக்கும் ஒரே நாளில் எழுதித் தேதி குறித்து வைத்திருக்கிறீர்கள், இல்லையா? வரிசை மட்டும் மாறிவிட்டது. மிச்சம் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் உடனே அனுப்புங்கள்.

சண்டைக்காரி


மார்ச் 3, திங்கள்

சண்டைக்காரிக்கு,

உண்மைதான். பிப்ரவரி பத்தாம் தேதி உட்கார்ந்து ஆறு கடிதம் எழுதினேன். முதலாவதும் இரண்டாவதும் இடம் மாறிவிட்டன. வேலையில் இப்படிச் செய்திருந்தால் என் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

வேறு பெண் யாரும் இல்லை, சத்தியம். இங்கேயே தங்கிவிடுவதாக ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். திரும்பி வர எனக்கு மனம் இல்லை. உன்னை இங்கே அழைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. ஒரேயடியாகச் சொன்னால் நீ உடைந்துபோவாய், முதலில் இரண்டு வருஷம், பிறகு இன்னும் கொஞ்சம் என்று சொன்னால் பழகிவிடும் என்று நினைத்தேன்.

மிச்சமிருக்கும் ஐந்தையும் இணைத்திருக்கிறேன். கடைசிக் கடிதத்தை மட்டும் படிக்காதே. அதை மாற்றி எழுத வேண்டும்.

வீட்டுக்காரன்


(இணைப்பு: ஆறாவது கடிதம்)

மே 4, ஞாயிறு

அன்புள்ள சண்டைக்காரிக்கு,

உன் பதில் கிடைத்தது. நாம் பிரிந்துவிடுவதற்குச் சம்மதித்து நீ இவ்வளவு பெருந்தன்மையாக எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நன்றி. அம்மாவை நீயே வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதற்கும் நன்றி. அழாதே.

என்றும் உன் நலம் நாடுபவன்


மார்ச் 4, செவ்வாய்

ஐயா,

படிக்காதே என்றதைத்தான் முதலில் படித்தேன்.

நான் எழுதாத பதில் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. நான் அழுவதற்கு முன்பே அழாதே என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பூட்டிய ஊரின் கடைக்காரர்களுக்கு வசனம் எழுதி வைப்பதுபோல் எனக்கும் எழுதியிருக்கிறீர்கள். வர மனமில்லை என்று ஜனவரியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டைத் தலைகீழாக்கியிருப்பேன், ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டேன். ஆனால் உங்களை வெறுத்திருக்க மாட்டேன்.

அத்தையிடம் இன்று காலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "நான் எங்க இருக்கணும்னும் அவனே எழுதிட்டானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்புறம், "அவன் எழுதாட்டியும் நான் உன்கூடத்தான் இருப்பேன்" என்றார்.

பிரிவதற்கு எனக்குச் சம்மதம். இதை நான் என் கையால் எழுதுவது இன்றுதான்.

இதற்கு நன்றி சொல்லிப் பதில் போட வேண்டாம். அது ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது.

சண்டைக்காரி