நீட்டல் குறி

மேலப்பாளையம்,
ரஜப் மாதம், 1911

பினாங்கில் இருக்கும் என் மச்சானுக்கு, மஹ்மூதா பீவி ஸலாம் சொல்லி முதல்முதலாகத் தன் கையாலேயே எழுதுவது. நாங்கள் சுகம். மாமிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. தறியும் ஓடுகிறது.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல் பக்கத்து வீட்டு தாஜ் முகம்மது மாமாதான் பிரித்தார். கண்ணாடி போடாமல் பார்த்தவர் அரபு எழுத்தைக் கண்டதும், "ஒங்க மவன் துஆ எழுதி அனுப்பியிருக்கான், பத்திரமா வைங்க" என்று கண்ணில் ஒற்றி மாமியிடம் கொடுத்துவிட்டார். மாமி அதைக் குர்ஆனோடு மாடத்தில் வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுத பிறகு, கைகால் முகம் கழுவிய ஒளுவோடு, முக்காட்டை இழுத்துவிட்டு, மாடத்திலிருந்து அந்தத் துஆவை எடுத்து ஓத உட்கார்ந்தேன். ஓதுகிற ராகத்திலேயே தொடங்கினேன். வாயில் வந்ததோ, "ஏ புள்ளே, அங்கன மழ உண்டுமா? பைய வாசி, அவசரம் இல்ல" என்று. அப்படியே உங்கள் பேச்சு மச்சான்! மார்க்க நூல்களில் தமிழை இந்த அரபு எழுத்திலேயே எழுதுவார்கள் என்று தெரியும். நம் வீட்டுப் பேச்சும் இதில் வரும் என்று யார் கண்டது!

தமிழ் எழுத்து எனக்குத் தெரியாது; மாமா வாசித்தால் எந்தக் கடிதமும் மாமாவின் குரல்தான். அதில் நீங்கள் "சௌக்கியமாயிருக்கிறேன்" என்பீர்கள். என்றைக்காவது அப்படிப் பேசியதுண்டா? இதில் எழுத்துக்கு மேலும் கீழும் கோடு போட்டு, 'புள்ளே' என்பதை எங்கே இழுப்பீர்களோ அங்கே நீட்டல் குறியும் வைத்திருக்கிறீர்கள். அப்படியே சத்தமாக வாசித்தேன். நீங்கள் கப்பலேறிய பின் பிறந்த நம் ஹமீது பீவி ஓடி வந்து, "உம்மா, யாரு பேசுதாவ?" என்றாள். வாப்பா பேசுதாவ என்றேன். கதவுக்குப் பின்னால் போய்த் தேடினாள்.

முதலாளி இன்னும் மூன்று வருஷம் நிற்கச் சொல்கிறார், நிற்கட்டுமா வரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன தடவையும் கேட்டீர்கள். மாமா "தங்கள் சித்தம்" என்று பதில் எழுதினார். நான் கதவுக்கு இந்தப்புறம் நின்றேன். நாலு பேர் நடுவில் நான் என்னத்தைச் சொல்வது?

ஓதத்தான் தெரியும், எழுதியதில்லை. குர்ஆனைப் பார்த்துப் பார்த்துச் சிலேட்டில் பழகினேன். கோணல்மாணலாக இருக்கும், குறிகள் தப்பியும் இருக்கும். ஒரே ஒரு சொல்லில் மட்டும் நீட்டல் குறியைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். அதைக் கடைக்குள் வாசிக்காதீர்கள். கடற்கரைக்குப் போய், நான் வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி சத்தமாக வாசியுங்கள்.

வாங்க.

அல்லாஹ் உங்களைச் சுகமாகக் கரை சேர்க்கட்டும்.

உங்கள் புள்ளே,
மஹ்மூதா பீவி