வஹாக்காவில் என்னைத் தெரியாதவர்கள்

1975 பிப்ரவரி 12, புதன்

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். மார்ச் லீவில் ஸ்பானிஷ் வகுப்போடு ஒரு வாரம் மெக்சிகோ. ஊர் பெயர் வஹாக்கா. சொன்னால் தும்மல் மாதிரி இருக்கிறது. நானூறு சொச்சம் வருஷத்துக்கு முன் ஸ்பெயின்காரன் கட்டினது. பச்சைக் கல்லில் வீடு, தங்கம் பூசின சர்ச், தெருவெல்லாம் கலாச்சாரம் வழியுமாம். ஸ்பானிஷ் டீச்சர் மிஸஸ் பிரென்னன் கொடுத்த நோட்டீஸில் 'கலாச்சாரம்' மட்டும் ஆறு தடவை. எண்ணினேன்.

அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "வெயில்ல அலையாதே, கறுத்துப் போயிடுவே." இதற்கு மேல் கறுக்க இடம் எங்கே இருக்கிறது என்றேன். முறைத்தாள்.

இந்த நோட்டின் அட்டையில் 'கெமிஸ்ட்ரி' என்று போட்டிருக்கிறேன். அம்மா தொடமாட்டாள். ஸ்கூலில் எவளாவது பிரித்தால் தமிழ் எழுத்து பக்கம் பக்கமாக ஜாங்கிரியாகத்தான் தெரியும்.

மார்ச் 3, திங்கள்

டெப்பிக்கும் எனக்கும் ஒரே அறை. வேறு யார்? கனடா வந்த முதல் வாரம், ஆறாம் வகுப்பில், என் பக்கத்து இடத்தில் வந்து உட்கார்ந்த ஒரே ஆள் அவள். மைதிலி என்று வாயில் வராமல் 'மைட்டி' ஆக்கினாள். மகா பலசாலி என்று அர்த்தம். நான் ஐந்தடிகூட இல்லை.

போன ஏப்ரல் ஒன்றாம் தேதி அவள் லாக்கருக்குள் நூற்றிருபது பிங்பாங் பந்து வைத்தேன். எல்லாரையும்விட அவள்தான் அதிகம் சிரித்தாள். ஏப்ரல் ஒன்று எனக்குத் தீபாவளி. இந்த வருஷத்துக்கும் யோசித்தாகிவிட்டது. எழுதமாட்டேன். நோட்டையும் நம்பக்கூடாது.

மார்ச் 16, ஞாயிறு. வஹாக்கா

இங்கே எல்லாரும் என் நிறம்! போலீஸ், பாதிரியார், பஸ் ஓட்டுகிறவர், பலூன்காரர். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாகத் தெருவில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. டெப்பியைத்தான் பார்க்கிறார்கள். பாவம், அவளுக்குப் பழக்கமில்லை.

ஹோட்டல் ஒரு காலத்தில் ஏதோ பிரபுவின் வீடு. முற்றம், ஆரஞ்சு மரம், கல் நீரூற்று, பின்பக்கம் நீச்சல் குளம். வாசலில் மீசையோடு ஒரு காவல்காரர். சந்தையில் வெட்டுக்கிளி வறுவல் கூறு கட்டி விற்கிறார்கள். தின்றேன் என்று தெரிந்தால் அம்மா என்னைத் தலைமுழுகவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் விடுவாள்.

மார்ச் 18, செவ்வாய்

இன்று என் பொன்னாள். சந்தையில் கறுப்புச் சால்வை ஒன்று வாங்கினேன். இந்த ஊர்ப் பெண்கள் மாதிரி ரெட்டைப் பின்னல், ரிப்பன், தலையைச் சுற்றிச் சால்வை, கையில் கடலைக் கூடை. சதுக்கத்துக் காபிக் கடையில் எங்கள் கும்பல் உட்கார்ந்திருந்தது. நேரே போய் மிஸஸ் பிரென்னன் மூக்குக்கு அடியில் கூடையை நீட்டி, "அம்மா தாயே, வேகாத கடலை, வயித்துவலி இலவசம்" என்று தமிழில் கூவினேன். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. புறங்கையால் போ, போ என்றார். ஈ ஓட்டுகிற மாதிரி.

டெப்பிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. வெயிட்டர் என்னை விரட்ட வந்து, இவள் உங்களோடு வந்தவளா என்று கேட்க, அவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு ஸ்பானிஷில் "இவளைத் தெரியாது" என்றாள். பிறகு சால்வையை இழுத்தாள். கும்பல் மேஜை மேல் விழுந்து சிரித்தது. நாள் முழுக்க அதே விளையாட்டுதான். ஐஸ்கிரீம் கடையில் தெரியாது, சர்ச்சில் தெரியாது, பஸ்ஸில் தெரியாது.

அந்தப் புறங்கை மட்டும் — சரி, விடு.

மார்ச் 20, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 22, சனி. விமானத்தில்

டெப்பி மூன்று வரிசை முன்னால் தூங்குகிறாள். இப்போதே எழுதாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

வியாழன் மத்தியானம் சந்தையிலிருந்து திரும்பினோம். மிஸஸ் பிரென்னன் மட்டும் எங்கோ மியூசியத்தில். எனக்கு அதே சால்வை, அதே பின்னல். வேஷத்துக்கு இல்லை, பிடித்திருந்தது. நான்தான் கடைசி. காவல்காரர் கையைக் குறுக்கே நீட்டினார். விற்கிறவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லையாம். ஸ்பானிஷில் சொன்னேன். வகுப்பிலேயே நல்ல ஸ்பானிஷ் என்னுடையது, அதுதான் வினை. இங்கிலீஷில் சொன்னேன். மணிமாலை விற்கிற பெண்களுக்கும் இங்கிலீஷ் வரும் என்றார். பாஸ்போர்ட் மிஸஸ் பிரென்னன் பையில். அறைச் சாவி டெப்பி கையில். டெப்பீ என்று கத்தினேன். முற்றத்தில் திரும்பினாள். காவல்காரர் அவளைக் கேட்டார்.

"தெரியாது" என்றாள். எனக்குக் கண்ணடித்தாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே மாடி ஏறினார்கள்.

ஐந்து நிமிஷத்தில் வருவாள் என்று நின்றேன். பத்து. இருபது. அப்புறம் பின்பக்கம் குளத்தில் தொபுக் தொபுக்கென்று குதிக்கிற சத்தம்.

சுவர் நிழலில் பாய் விரித்து மணிமாலை விற்கிறவள் ஒருத்தி இருந்தாள். என் வயசு. நகர்ந்து இடம் விட்டாள். பெயர் லூஸ். நம் ஊரில் கிறுக்கு, அவள் ஊரில் வெளிச்சம். நீ எந்தக் கிராமம் என்று கேட்டாள். டொரொண்டோ என்றேன். அது எந்த மலைக்கு அந்தப் பக்கம் என்றாள். யோசித்துவிட்டு, எல்லா மலைக்கும் என்றேன். ரொம்ப தூரம் நடந்திருப்பாய் என்று, மிளகாய்ப்பொடி போட்ட மாங்காயில் பாதி கொடுத்தாள். என் ரிப்பன் தப்பாம். அவிழ்த்து அவளே கட்டிவிட்டாள். மூன்று வருஷமாக இந்த வாசலில்தான் உட்காருகிறாள். உள்ளே பார்த்ததே இல்லை, தண்ணீர் சத்தம் மட்டும் கேட்குமாம். என் டீச்சர் வரட்டும், உன்னைக் கூட்டிப்போய் நீரூற்றைக் காட்டுகிறேன் என்றேன். நிஜமாகவா என்றாள். நிஜம் என்றேன்.

நாலு மணிக்கு மிஸஸ் பிரென்னன் வந்தார். என்னைத் தாண்டிப் போனார். கூப்பிட்டதும்தான் திரும்பினார். விஷயம் தெரிந்து காவல்காரரைத் திட்டித் தீர்த்துவிட்டார். அந்த மனுஷர் தொப்பியைக் கழற்றி, செனோரிட்டா, செனோரிட்டா என்று கதவை அகலத் திறந்தார். லூஸ் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து என் பின்னால் வந்தாள். காவல்காரர் என்னைக் கேட்டார், ரொம்ப மரியாதையாக: இந்தப் பெண் உங்களோடு வந்தவளா?

முற்றத்தில் டெப்பியும் மற்றவர்களும் ஈரத்தலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாது" என்றேன்.

ஏண்டி? ஏன் சொன்னே? மறுபடி வெளியே நிறுத்திவிடுவார்கள் என்றா? டெப்பியாவது விளையாட்டுக்குச் சொன்னாள். நான் —

லூஸ் பாய்க்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். மறுநாள் அந்தப் பாய் அங்கே இல்லை.

மார்ச் 29, சனி

டெப்பி எடுத்த ஸ்லைடெல்லாம் கழுவி வந்துவிட்டது. அவளே வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா ஆபீஸ் புரொஜெக்டரை இரவல் வாங்கிவந்து, சுவரில் போர்வை கட்டினார். மோர்னிங்சைடு பேட்டையிலிருந்து சியாமளா மாமி வந்திருந்தார்.

சர்ச். ஆரஞ்சு மரம். அப்புறம் மாடியிலிருந்து எடுத்த படம் ஒன்று: வாசலுக்கு வெளியே, பாயில் ரெண்டு பெண்கள். ரெண்டு பேருக்கும் சால்வை, ரெட்டைப் பின்னல். உச்சந்தலைதான் தெரிகிறது. ஆக, டெப்பி மேலேயிருந்து பார்த்திருக்கிறாள்.

அப்பா பெருமையாக எழுந்து போய்ப் போர்வையைத் தொட்டார். "இதான் மைதிலி. வேஷம் கட்டிண்டிருக்கா." தொட்டது லூஸை.

"பக்கத்துல யாருடி?" என்றார் மாமி.

தெரியாது மாமி என்றேன். அப்பா அடுத்த படத்தைத் தள்ளினார். அம்மா மட்டும் படத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

டெப்பி குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு லாக்கரைத் திறந்தாள். உள்ளே அவளுடைய கோட்டு, போன வருஷத்துப் பந்து ஒன்று. நாற்காலியைத் தடவிவிட்டு உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிரித்துப் பார்த்துத் தின்றாள். மூன்றரைக்கு பஸ் நிறுத்தத்தில், தோற்றுவிட்டேன் மைட்டி, எங்கே வைத்திருக்கிறாய் சொல்லிவிடு என்றாள். எங்கேயும் வைக்கவில்லை என்றேன். நம்பவில்லை.

பஸ் வந்தது. நான் முதலில் ஏறி, பக்கத்து இடத்தில் பையை வைத்தேன்.