யார் வீட்டுத் தண்ணீர்

அண்ணி, இன்று காலை மத்திகிரியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. எல்லோரும் குடத்தோடு ஓடினார்கள். ஆரன் சத்தம் கேட்டதுமே நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உங்களுக்காக ஆற்றுக்குள் இறங்கிய லாரிதான் கண்முன் நின்றது.

நம் ஆறு மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் உங்கள் பிறந்த வீட்டு வயலைத் தொட்டு, இந்தப் பக்கம் உத்தனப்பள்ளி அருகே எங்கள் வயலுக்கு வந்தது. ஒரே ஆற்றுத் தண்ணீர் குடிக்கிற சனம் என்று சொல்லித்தான் உங்களை என் அண்ணனுக்குக் கட்டினார்கள்.

ஆறு வற்றியது. பேச்சும் மாறியது. விசேஷம் வந்தாலே பந்தியில் சண்டைதான்.

"மேல அணையக் கட்டி அடைச்சுக்கிட்டு, இங்க வந்து சம்மணம் போட்டுச் சாப்புடறீங்களா?" என்பார் என் அண்ணன்.

"கம்பெனிக்குத் தண்ணி விக்கறதுக்கு ஊரெல்லாம் போர் போட்டது நீங்க. பழி எங்க மேலயா?" என்பார் உங்கள் அண்ணன்.

மழையே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார் ஓர் அதிகாரி. மணல் அள்ளியதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கும் அதில் பங்கு இருந்ததே!

ஒருநாள் நீங்கள் சாம்பார் வாளியை நங்கென்று வைத்தீர்கள். கோபத்தில் பிறந்த வீட்டுப் பேச்சும் கலந்து வந்தது. "எங்க தண்ணி, நிம்ம தண்ணின்னு பேசறீங்களே, நான் யாரு வீட்டுத் தண்ணி?"

எல்லோரும் குனிந்து சாப்பிட்டார்கள், வெட்கங்கெட்டவர்கள். அன்று பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னீர்கள்: "நான் போயிட்டா நம்ம ஆத்துலதான் கரைக்கணும்."

நீங்கள் போனபின், அஸ்தி கரைக்கப் பெண்கள் வரக்கூடாது என்றவர்களைத் தள்ளிவிட்டு நானும் ஆற்றுக்கு வந்தேன். சீமைக்கருவேலமும் பிளாஸ்டிக் பைகளும்தான் கிடந்தன. உங்கள் மகன் அஸ்திக் கலசத்தோடு நிற்கிறான். இரண்டு அண்ணன்களும் யாரால் வற்றியது என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் சாம்பலை வைத்துக்கொண்டு, அண்ணி!

கடைசியில் லாரிக்குப் போன் போட்டார்கள். ஆற்றோரப் போர்க்கிணற்றில் நிரப்பிய லாரி. ஆற்றிலிருந்து உறிஞ்சியதை ஒரு பள்ளத்தில் ஊற்றி, அதில் உங்களைக் கரைப்பார்களாம். இதற்கு மட்டும் இருவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

நான் கலசத்தைப் பிடுங்கிக்கொண்டேன். "உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார் என் அண்ணன். "ஆறு வரட்டும், குடுக்கறேன்" என்றேன்.

வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால் கொல்லைப் புங்கமரத்தில் துணி சுற்றிக் கட்டியிருக்கிறேன். காற்றடித்தால் எழுந்து போய் முடிச்சைப் பார்க்கிறேன். உங்களுக்குச் சாந்தி கிடைக்காது என்று இருவரும் மாறி மாறிப் போன் செய்கிறார்கள், கெஞ்சுகிறார்கள், திட்டுகிறார்கள். இருவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான்.

"தண்ணி எங்க?"