தங்கையின் கல்லுச்செய்க்கு என் பேரில் வந்த பட்டா

உ
குண்டுமணி துணை

அனுப்புநர்:
மலையம்மாள், க/பெ கோட்டைச்சாமி,
கீழமேட்டுப்பட்டி, ஒக்கூர் வழி,
சிவகங்கை தாலுகா, ராமநாதபுரம் ஜில்லா.

பெறுநர்:
தாசில்தார் ஐயா அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: சர்வே நம்பர் 118/2, கல்லுச்செய் என்கிற அறுபது சென்ட் வயல். என் பேரில் வந்த பட்டாவை ரத்து செய்து, மைனர் முத்தழகு பேருக்கு மாற்றக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

சாமி பேர் எழுதும் இடத்தில், இறந்துபோன என் தங்கை பொன்னுத்தாயியின் செல்லப் பேரை எழுதியிருக்கிறேன். பிழை என்றால் பொறுக்கவும். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான்.

1. எங்கள் அப்பா உடையப்பனுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். எங்கள் பக்கம் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது மஞ்சக்காணி என்று கொஞ்சம் நிலம் விடுவார்கள். அந்த மண்ணில் ஒரு பிடியை மஞ்சளோடு மடியில் போட்டுவிட்டால் அது அவளுக்கு, அவளுக்குப் பின் அவள் மகளுக்கு. பத்திரம் கிடையாது. மகளுக்குக் கொடுத்ததை எழுதினால் விற்ற மாதிரி ஆகிவிடும் என்பார் அப்பா. அதனால் அவர் இறந்த பிறகும் பட்டா அவர் பேரிலேயே கிடந்தது.

2. கண்மாய்த் தண்ணீர் பாயும் செய் மூத்தவளான எனக்கு. கல்லாய்க் கிடந்த மேடு, இந்தக் கல்லுச்செய், அவளுக்கு. அவள் முகம் கோணவில்லை. புருஷன் இறந்தபின் கைப்பிள்ளையை மர நிழலில் போட்டுவிட்டு நாலு வருஷம் கல் பொறுக்கினாள். பொறுக்கிய கல்லே வரப்பாயிற்று. கிணறு வெட்டி, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையைத் தானே ஓட்டினாள். பொம்பளை மாடு பிடிச்சா வடம் அந்துரும் என்று ஊர் சிரித்தது. கண்மாய் வற்றிய வருஷம் சிரித்தவர்களே குடத்தோடு வந்து நின்றார்கள். வடம் அந்துச்சான்னு பாத்துக்கிட்டீகளா மச்சான் என்று கேட்டுக்கொண்டே எல்லார் குடத்தையும் நிறைத்தாள். என் செய்யும் அந்த வருஷம் அவள் தண்ணீரில்தான் விளைந்தது. அப்படி ஒருத்தியை நான் பார்த்ததில்லை ஐயா.

3. போன ஐப்பசியில் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். எட்டு வயது மகள் முத்தழகு என்னிடம் இருக்கிறாள். கருமாதி அன்று என் வீட்டுக்காரர் ஒரு தாளை நீட்டி, பிள்ளைக்கு கார்டியன் மனு, கையெழுத்துப் போடு என்றார். அழுத கண்ணோடு போட்டேன். தை மாதம் பட்டா வந்தது, என் பேரில். உடையப்பனுக்கு வாரிசு நான் ஒருத்தி மட்டும்தான் என்று அந்தத் தாளில் இருந்ததாம். ஆபீசைக் குறை சொல்லவில்லை. தாளில் இருந்ததைத்தான் செய்தீர்கள்.

4. இப்போது என் வீட்டுக்காரர் அந்த நிலத்தைச் செங்கல் சூளை போட ஒருவருக்குப் பேசி முடித்து, சித்திரையில் கிரயம் என்கிறார். கேட்டால், நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு நாமதானே செய்யணும், உனக்கு எங்க வலிக்குது என்கிறார். ஊர்க் கணக்குப்பிள்ளையோ, தேடி வந்த நிலத்தை யாராச்சும் வேண்டாம்பாகளா ஆத்தா என்று சிரிக்கிறார்.

நான் வேண்டாம் என்கிறேன்.

ஆகவே ஐயா அவர்கள் கிரயத்துக்கு முன் பட்டாவை முத்தழகு பேருக்கு மாற்றி, கார்டியனாக என்னை மட்டும் போட்டு, அவளுக்குப் பதினெட்டு ஆகும்வரை யாரும் விற்க முடியாதபடி செய்ய வேண்டும். இனி என் கையெழுத்தோடு எந்தத் தாள் வந்தாலும், நானே கொண்டு வந்தாலும், அதை என் வாயால் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

இடம்: கீழமேட்டுப்பட்டி
தேதி: 22-2-1971

இப்படிக்கு,
முத்தழகின் பெரியம்மா
மலையம்மாள்

கீழே உள்ளது தங்களுக்கு அல்ல ஐயா.

குண்டுமணி, படிக்காமத்தான்டி போட்டேன், நீ நம்புறியா?